ஒளிரும் பெட்டியும் உழைத்த காசும்

பாட்டாளியின் மகன் விளையாடுவதற்கு ஒரு கணினி கேட்கிறான். கேட்கலாமா?

"கூடாது!" என்கின்றனர் சிலர். "கூரை ஏறிக் கோழி பிடிக்காதவன், வானம் ஏறி வைகுண்டம் போவானாம்" என்று பழமொழியும் சொல்லிச் சிரிக்கின்றனர். சிரிக்கட்டும்! அந்தப் பிள்ளை வைகுண்டத்துக்கு வழி கேட்கவில்லை. கணினிக்கு விலை கேட்கிறான். வைகுண்டத்தைக் கண்டு வந்தவர் எவருமில்லை. கணினியோ கண்முன்னே நிற்கிறது. தொட்டால் தெரிகிறது, தட்டினால் பேசுகிறது.

ஆலங்குளத்தில் இந்தக் கேள்வி இன்று வீட்டுக்கு வீடு எழுகிறது. நெல்லையிலிருந்து தென்காசி செல்லும் சாலையிலே, 2019 நவம்பர் 22 முதல் தென்காசி மாவட்டத்தின் ஊராகிவிட்ட நம் ஆலங்குளம், அரண்மனைகள் நிறைந்த ஊரல்ல. மடியிலே தட்டை வைத்து, இலையை வெட்டி, தூளை வைத்துச் சுருட்டி, நூலைக் கட்டி, கட்டுக் கட்டாகப் பீடி அடுக்கும் தாய்மார்களின் ஊர். காய்கறி மூட்டை சுமக்கும் தோள்களின் ஊர். அந்தத் தாயிடம்தான் மகன் கேட்கிறான்: "எம்மா, ஒரு கம்ப்யூட்டரு வாங்கித் தாம்மா!" அவளும் திருப்பிக் கேட்கிறாள்: "ஏல, படிக்கவா, விளையாடவா?"

நியாயமான கேள்வி. ஆனால் நாம் வேறொரு கேள்வி கேட்கிறோம். சீமான் வீட்டுப் பிள்ளை விளையாட்டுக் கணினி கேட்டால், "படிக்கவா, விளையாடவா?" என்று எவராவது கேட்கிறார்களா? அங்கே அது பொழுதுபோக்கு! இங்கே மட்டும் அது பொறுப்பின்மையா? செருப்பு அணியாதே என்றார்கள், அணிந்தோம். தோளில் துண்டு போடாதே என்றார்கள், போட்டோம். பள்ளிப் படி ஏறாதே என்றார்கள்; ஏறினோம். எந்தப் பொருள் வந்தாலும் "இது உனக்கல்ல" என்று சொல்வதற்கு ஒரு கூட்டம் முன்னாலேயே நிற்கும். அந்தக் கூட்டத்தின் குரலை நம் வாயாலேயே நம் பிள்ளைக்குச் சொல்லலாமா?

பெரியார் 'இனிவரும் உலகம்' எழுதியபோது, விஞ்ஞானம் தரப்போகும் வசதிகளைச் செல்வர் மட்டும் சுவைப்பார்கள் என்றா எண்ணினார்? எல்லோரும் சுவைப்பதற்கே எண்ணினார். சென்னை தரமணியிலே 2000ஆம் ஆண்டில் கலைஞர் டைடல் பூங்காவைத் திறந்து வைத்தபோதும், அதற்கு முந்திய ஆண்டில் தமிழ்நெட்99 விசைப்பலகை உருப்பெற்றபோதும், கணினி நம் பிள்ளைகளின் கைக்கு வரவேண்டும் என்பதே நோக்கம். ஆகவே, கேட்கலாமா என்ற கேள்விக்கு நம் விடை ஒன்றே: கேட்கலாம்!

ஆனால் தோழர்களே, கேட்க உரிமை உண்டு என்பதாலேயே, கேட்ட விலையைக் கொடுத்துவிட வேண்டும் என்று பொருளல்ல. கடவுளையே கேள்வி கேட்ட இயக்கம் இது. கடைக்காரரைக் கேட்கக் கூசலாமா? ஆயிரம் ஆயிரமாகப் பீடி சுற்றிச் சேர்த்த பணம். அதில் ஒரு ரூபாய் வீணானாலும், வீணாவது ஒரு தாயின் விரல் தேய்மானம். அதனால்தான் இந்தப் பொருளை விவரமாக எழுதுகிறோம்.

முதலில் எதைப் பார்க்க வேண்டும்? கடைக்குப் போகும் பிள்ளை கேபினட்டைப் பார்க்கிறான். கண்ணாடிக் கதவு! உள்ளே சிவப்பு, நீலம், பச்சை என்று சுழலும் விளக்கு! தேர்த்திருவிழாச் சப்பரம் தோற்றுவிடும். தேரைக் காட்டித்தானே தெருவை ஏமாற்றினார்கள்? விளக்கு விளையாடாது, தோழர்களே! விளையாடுவது உள்ளே இருக்கும் சில்லு.

ஆகவே கணக்கைத் திரையிலிருந்து தொடங்குங்கள். 1080 என்று சொல்லப்படும் மானிட்டரில் குறுக்கே 1920, நெடுக்கே 1080 புள்ளிகள். பெருக்கினால் 20,73,600. அடுத்த படியான 1440 திரையில் 36,86,400 புள்ளிகள். 4கே என்று புகழப்படும் திரையிலோ 82,94,400 புள்ளிகள். முதல் திரையைப் போல நான்கு மடங்கு! வினாடிக்கு 60 முறையோ 144 முறையோ இத்தனை புள்ளிக்கும் வண்ணம் தீட்டிக் கொடுக்க வேண்டியது கிராபிக்ஸ் கார்டு. திரை பெருகினால் கார்டின் பாரம் பெருகும். பாரம் பெருகினால் விலை பெருகும். எனவே 4கே திரையை வாங்கி வைத்துவிட்டு அதற்கேற்ற கார்டுக்குப் பணமில்லாமல் விழிப்பது, யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு அலைவது போலத்தான். நம் வருவாய்க்கு 1080 திரையே நிறைவு. கொஞ்சம் கூடுதலாக முடிந்தால் 1440. அதற்குமேல் போவது ஆசைக்குத் தீனி, ஆட்டத்துக்குத் தேவையல்ல.

அடுத்தது கிராபிக்ஸ் கார்டு. விளையாட்டுக் கணினிக்கு இதுவே நெஞ்சு. இங்கேதான் பெயரை வைத்து ஏமாற்றும் பெரு வணிகம் நடக்கிறது. 2025ஆம் ஆண்டில் என்விடியா நிறுவனம் ஆர்.டி.எக்ஸ். 5060 டிஐ என்ற கார்டை வெளியிட்டது. பெயர் ஒன்று, உள்ளே இருக்கும் நினைவகமோ 8 ஜிபி ஒன்றில், 16 ஜிபி மற்றொன்றில்! அதே ஆண்டில் ஏ.எம்.டி. நிறுவனம் வெளியிட்ட ஆர்.எக்ஸ். 9060 எக்ஸ்.டி. கார்டும் இதே கதை: 8 ஒன்று, 16 ஒன்று. பெயரை மட்டும் கேட்டு வாங்குபவன் எதை வாங்கினான் என்று வீட்டுக்கு வந்தபிறகே அறிவான். புதிய விளையாட்டுகள் பல 8 ஜிபியை நிரப்பிவிடுகின்றன. நிரம்பியதும் ஓட்டம் தடுமாறுகிறது. நான்கைந்து ஆண்டு வைத்து உழைக்க வாங்கும் பொருளல்லவா? 16 ஜிபியைக் கேளுங்கள். பில்லிலும் அதை எழுதச் சொல்லுங்கள்.

மடிக்கணினியில் இந்த மாயம் இன்னும் பெரிது. மேசைக் கணினிக்கான ஆர்.டி.எக்ஸ். 5070 கார்டில் 12 ஜிபி. மடிக்கணினியில் அதே 5070 என்ற பெயரில் வருவதில் 8 ஜிபி! சில்லும் வேறு, திறனும் வேறு. ஒட்டியிருக்கும் பெயர் மட்டும் ஒன்று. சாதிப் பட்டத்தைப் பார்த்து ஆளை மதிக்காதே என்று ஊருக்குச் சொன்னவர்கள் நாம். எண்ணைப் பார்த்துப் பெட்டியை மதிக்கலாமா?

"பெரிய நிறுவனம் அல்லவா, நாம் கேட்டு என்ன ஆகும்?" என்று சோர்கிறீர்களா? ஒரு செய்தி சொல்கிறோம், கேளுங்கள். 2022 செப்டம்பரில் இதே என்விடியா, 4080 என்ற ஒரே பெயரில் இரண்டு கார்டுகளை அறிவித்தது. ஒன்று 16 ஜிபி, மற்றது 12 ஜிபி. வேறுபாடு நினைவகத்தோடு நிற்கவில்லை. 12 ஜிபி கார்டின் சில்லே தாழ்ந்த சில்லு. விவரம் அறிந்தவர்கள் உலகெங்கும் கூக்குரல் எழுப்பினார்கள். அடுத்த மாதமே நிறுவனம் அந்தக் கார்டைத் திரும்பப் பெற்றது. 2023 ஜனவரியில் அது 4070 டிஐ என்ற பெயரில் மீண்டும் வந்தபோது, முன்பு சொன்ன 899 டாலர் 799 ஆகியிருந்தது. நூறு டாலரைக் குறைத்தது எது? நிறுவனத்தின் கருணையா? இல்லை! வாங்குபவரின் விழிப்பு. கேள்வி கேட்பவன் முன்னால் எத்தனை பெரிய பீடமும் கொஞ்சம் அசையத்தான் செய்யும்.

மூன்றாவது பிராசசர். இது மூளை. விளையாட்டுக்கு ஆறு அல்லது எட்டு கோர் உள்ள நடுத்தரப் பிராசசர் போதும். மூளைக்கு மகுடம் சூட்டிவிட்டு நெஞ்சைப் பட்டினி போடாதீர்கள். மிச்சமாகும் பணம் கார்டுக்குப் போகட்டும். மதர்போர்டு வாங்கும்போது நாளையை நினையுங்கள். ஏ.எம்.டி.யின் ஏ.எம்.4 என்ற பொருத்துவாய் 2016இல் வந்தது. 2024இலும் அதற்குப் புதிய பிராசசர் வெளியாயிற்று. 2022இல் வந்த ஏ.எம்.5 வாயை 2027 வரையிலும் அதற்கு அப்பாலும் ஆதரிப்போம் என்று அந்த நிறுவனம் சொல்லியிருக்கிறது. இன்று சிறிய பிராசசர் போட்டு, நாலு வருடம் கழித்து நல்லதாக மாற்றிக்கொள்ளலாம் என்றால், ஏழைக்கு அது பெரிய லாபமல்லவா?

இனி ரேம். இங்கே ஒரு அரசியல் இருக்கிறது, தோழர்களே! அதைச் சொல்லாமல் நகர முடியாது.

2025ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ரேம் விலை ஏறத் தொடங்கியது. சில மாதங்களில் இரட்டிப்பு. சில வகை மும்மடங்கு! ஏன்? பஞ்சமா? வெள்ளமா? இரண்டுமில்லை. செயற்கை நுண்ணறிவுக்காகக் கோடானு கோடி டாலர் கொட்டிக் கட்டப்படும் தரவு மையங்கள் நினைவகத்தை விழுங்குகின்றன. உலகில் இந்த நினைவகச் சில்லு செய்பவர்களில் சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூவரிடமே பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சந்தை இருக்கிறது. மூவரும் பெருவிலை கொடுக்கும் பெருமுதலாளியின் பக்கம் திரும்பினார்கள். 2025 டிசம்பர் 3 அன்று மைக்ரான் ஒரு படி மேலே போயிற்று. சாதாரண மக்களுக்கு ரேம் விற்றுவந்த குருசியல் என்ற தன் வணிகத்தையே மூடுவதாகவும், 2026 பிப்ரவரி வரையே சரக்கு வருமென்றும் அறிவித்தது. கலிபோர்னியாவில் ஒரு கோடீசுவரன் கண் சிமிட்டினால் ஆலங்குளத்தில் ஒரு பிள்ளையின் கனவு தள்ளிப் போகிறது!

இந்த மைக்ரான் யார்? குஜராத்தில் சானந்த் என்ற ஊரில் ஆலை அமைக்க 2023 ஜூனில் ஒன்றிய அரசின் அனுமதி பெற்ற அதே மைக்ரான். 275 கோடி டாலர் திட்டம். அதில் பாதியை ஒன்றிய அரசு தருகிறது. ஐந்தில் ஒரு பங்கைக் குஜராத் அரசு தருகிறது. ஒன்றிய அரசின் பாதி யாருடைய பணம்? தீப்பெட்டி வாங்கினாலும் வரி கட்டும் தமிழனின் பணமும்தான்! 2023, 2024 ஆண்டுகளில் ஒன்றிய அரசு அனுமதித்த முதல் ஐந்து சில்லுத் திட்டங்களில் நான்கு குஜராத்துக்கு, ஒன்று அசாமுக்கு. 2024-25இல் இந்தியா ஏற்றுமதி செய்த மின்னணுப் பொருளில் ஐந்தில் இரண்டு பங்கைத் தந்த தமிழ்நாட்டுக்கு அந்த ஐந்தில் எத்தனை? சுழி! வடக்கு வாழ்கிறது, தெற்கு தேய்கிறது என்று அன்று மேடைகளில் முழங்கியதை, இன்று ரேம் வாங்கப் போன இடத்திலும் நினைக்க வேண்டியிருக்கிறது.

சரி, அதற்காக என்ன செய்வது? விலை ஏறியிருக்கும் காலத்தில் 16 ஜிபியோடு தொடங்குங்கள். ரேம் செருக மதர்போர்டில் நான்கு வாய் இருந்தால் இரண்டை நிரப்பி இரண்டைக் காலியாக விடுங்கள். விலை இறங்கும்போது கூட்டிக்கொள்ளலாம். அவசரப்பட்டு 64 ஜிபி வாங்குவது, அந்த மூவரின் பெட்டியில் நம் காசைப் போடுவதாகும்.

எல்லோரும் மறப்பது எஸ்.எம்.பி.எஸ். என்ற மின்வழங்கி. கண்ணுக்குத் தெரியாத மூலையில் கிடக்கும் அதுதான் மற்ற எல்லாவற்றையும் வாழவைக்கிறது, உழைப்பாளியைப் போலவே! மலிவான எஸ்.எம்.பி.எஸ். வெடித்தால் தனியாகச் சாகாது. கார்டையும் போர்டையும் அழைத்துக்கொண்டு போகும். 80 பிளஸ் தரச் சான்று உள்ளதா, வாரண்டி எத்தனை ஆண்டு என்று கேளுங்கள். வோல்ட்டேஜ் ஏறி இறங்கும் தெருவானால் யு.பி.எஸ். கட்டாயம்.

மின் கணக்கையும் பாருங்கள். நடுத்தரக் கார்டு போட்ட கணினி, மானிட்டரும் சேர்த்து, விளையாடும்போது சுமார் 300 வாட் இழுக்கும் என்று கொள்வோம். நாளைக்கு 3 மணி நேரம். இரண்டு மாதத்துக்கு 54 யூனிட். 2016இல் இரு மாதத்துக்கு 100 யூனிட் கட்டணமின்றித் தரும் ஏற்பாடு வந்ததே, அந்த நூற்றில் பாதிக்கு மேல் இந்த ஒரு பெட்டியே தின்றுவிடும். 2025 ஜனவரியில் வந்த ஆர்.டி.எக்ஸ். 5090 கார்டோ தனியாகவே 575 வாட்! அதன் அறிவிப்பு விலை 1999 டாலர். அது அரண்மனைக் குதிரை. நம் கொட்டிலில் கட்ட வேண்டாம்.

இப்போது பணத்தைப் பங்கிடுவோம். ஒரு குடும்பம் 1,20,000 ரூபாய் சேர்த்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 20,000 ரூபாயை மானிட்டர், யு.பி.எஸ்., கீபோர்டு, மவுஸ் இவற்றுக்கு முதலிலேயே ஒதுக்கி வையுங்கள். மீதி ஒரு லட்சத்தில் கிராபிக்ஸ் கார்டுக்கு 38,000, பிராசசருக்கு 18,000, ரேமுக்கு 14,000, மதர்போர்டுக்கு 12,000, எஸ்.எஸ்.டி.க்கு 7,000, எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு 7,000, கேபினட்டுக்கு 4,000. கூட்டிப் பாருங்கள், சரியாக வரும். விலைகள் ஏறும், இறங்கும்; இது விகிதம், வேதமல்ல. வேதமென்றாலே நமக்கு ஆகாது! கேபினட்டுக்கு 4,000 என்றதும் பிள்ளை முகம் சுளிப்பான். தூசி தடுக்கும் வலையும், காற்று புகும் முகப்பும் இருந்தால் போதும் என்று சொல்லுங்கள். பளபளக்கும் பெட்டிக்குப் பத்தாயிரம் கொடுத்துவிட்டுக் கார்டில் பத்தாயிரம் குறைப்பவன், பட்டு வேட்டி வாங்கிவிட்டுப் பட்டினி கிடப்பவன்.

எங்கே வாங்குவது? நெல்லையிலும் தென்காசியிலும் அசெம்பிள் செய்து தரும் கடைகளில் முதலில் விலை எழுதி வாங்குங்கள். ஒவ்வொரு பாகத்தின் பெயரும், மாடல் எண்ணும், விலையும் தனித்தனியாக இருக்கட்டும். அந்தத் தாளோடு சென்னை ரிச்சி தெரு விலையையும் இணைய விலையையும் ஒப்பிடுங்கள். ஊர்க் கடையில் சற்றுக் கூடுதலானாலும், கோளாறு வந்தால் பஸ் ஏறிப் போய்க் கேட்கலாம் என்பதற்கும் ஒரு விலை உண்டு. ஆனால், "பில் வேண்டாம், குறைத்துத் தருகிறேன்" என்ற பேச்சுக்கு மட்டும் மயங்காதீர்கள். கணினிப் பாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 18 விழுக்காடு. ஒரு லட்ச ரூபாய் பில்லில் 15,254 ரூபாய் வரி. கோடீசுவரன் மகனுக்கும் அதே வரி, பீடித் தொழிலாளி மகனுக்கும் அதே வரி! கொடுமைதான். ஆனாலும் பில் இல்லையேல் வாரண்டி இல்லை. வாரண்டி இல்லையேல் மூன்றாம் மாதத்தில் அது கணினியல்ல, காட்சிப் பொருள்.

பழைய பொருள் வாங்கலாமா? வாங்கலாம், கண்ணை விழித்துக்கொண்டு! 2022 செப்டம்பரில் எதீரியம் என்ற மின்னணு நாணயம், கார்டுகளைக் கொண்டு தோண்டும் முறையைக் கைவிட்டது. இரவு பகலாக எரிந்து தேய்ந்த கார்டுகள் அப்போது உலகச் சந்தையில் குவிந்தன. 2024இல் இன்டெல் 13, 14ஆம் தலைமுறை உயர்ரகப் பிராசசர்களில் நிலைகுலைவு கண்டு, அந்த நிறுவனமே வாரண்டியை 2 ஆண்டு நீட்ட நேர்ந்தது. ஓட்டிக் காட்டச் சொல்லி, அரைமணி நேரம் சூடேற விட்டுப் பார்த்து, பிறகு பணத்தை எடுங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியம்: கடன் வாங்காதீர்கள்! 2003இலேயே கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தது. ஆனாலும் 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பமே தீயில் கருகியதை இந்த வட்டாரம் மறக்குமா? "வட்டியில்லாத் தவணை" என்று கடையில் தொங்கும் அட்டையையும் திருப்பிப் பாருங்கள். செயல்பாட்டுக் கட்டணம் என்றும், கைவிடப்பட்ட தள்ளுபடி என்றும் வட்டி வேறு வேடத்தில் நிற்கும். ஆறு மாதம் பொறுத்தால் கணினி பழையதாகிவிடாது. கடன் வாங்கினால் குடும்பம் பழுதாகிவிடும்.

இன்னொரு எச்சரிக்கை. விளையாட்டு வேறு, சூதாட்டம் வேறு. இணையச் சூதில் உயிர்கள் பலியானபோது, 2022இல் தமிழ்நாடு சட்டமன்றம் தடை மசோதா நிறைவேற்றியது. அப்போதைய ஆளுநர் ஆர்.என். ரவி 2023 மார்ச்சில் அதைத் திருப்பி அனுப்பினார். அதே மாதத்தில் மன்றம் மீண்டும் நிறைவேற்றியது. ஏப்ரலில் ஒப்புதல் வந்தது. நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்று, ரம்மியையும் போக்கரையும் சேர்த்த பட்டியலை மட்டும் நீக்கியது. 2025 ஆகஸ்டிலே, பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டை நாடு முழுதும் தடுக்கும் சட்டத்தை நாடாளுமன்றமே இயற்றியது. தமிழ்நாடு அன்று சொன்னதை டெல்லி பிறகு சொல்லிற்று! பணம் கட்டி ஆடச் சொன்னால் அது விளையாட்டல்ல, வலை என்று பிள்ளைக்குச் சொல்லிவையுங்கள்.

வாங்கிய கணினி விளையாட மட்டுமா? 16 ஜிபி கார்டு உள்ள பெட்டியில் பிளெண்டர் ஓடும். அசையும் சித்திரம் செய்யலாம். கோடாட் ஓடும், விளையாட்டையே உருவாக்கலாம். இரண்டும் இலவசம். நம் பக்கத்து மத்தளம்பாறையில் ஸோஹோ நிறுவனத்தின் மென்பொருள் வேலை நடக்கிறதே! மென்பொருள் செய்ய மாநகரம்தான் வேண்டும் என்ற கதை தென்காசிச் சீமையில் செல்லாது. அயலான் செய்த விளையாட்டை ஆடும் பிள்ளை, நாளை நம் ஊரை, நம் உழைப்பை, நம் மொழியை வைத்து ஒரு விளையாட்டைச் செய்யட்டுமே!

தனியாக வாங்க முடியாத குடும்பங்களே இங்கு அதிகம் என்பதை நாம் அறிவோம். அவர்களுக்காகக் கழகத் தோழர்களிடம் ஒன்று கேட்கிறோம். நாளேடு வாங்க ஆளுக்குக் காசில்லாத காலத்திலே நம் முன்னவர்கள் என்ன செய்தார்கள்? படிப்பகம் திறந்தார்கள். ஒருவர் படிக்க, பத்துப் பேர் கேட்டார்கள். அந்தப் படிப்பகங்களில் இன்று ஒரு கணினி வையுங்கள். இருபது வீடுகள் ஆளுக்கு 6,000 ரூபாய் போட்டால் 1,20,000 ரூபாய் சேர்ந்துவிடும். மாலையில் படிப்பு, வடிவமைப்பு. இரவு ஒன்பது வரை விளையாட்டு. முறை வைத்து எல்லாப் பிள்ளைகளுக்கும். ஆண் பிள்ளைக்கு மட்டுமல்ல, பெண் பிள்ளைக்கும் சரிசம நேரம்! பொறுப்புக்கு இரண்டு பேர், வரவு செலவுக்கு ஒரு நோட்டு, பில்லும் வாரண்டிச் சீட்டும் வைக்க ஒரு கோப்பு. இவ்வளவுதான் வேண்டும்.

நல்ல நாள் பார்க்க வேண்டாம். ராகுகாலம் பார்க்க வேண்டாம். விலையைப் பாருங்கள், பில்லைப் பாருங்கள், 16 ஜிபியா என்று பாருங்கள். பார்த்துவிட்டு வாங்குங்கள், தோழர்களே!